சைகோன் கடை முக்காலி

1937ஆம் வருஷம் ஆடி மாதத்து நண்பகல் ஒன்றில், சிம்மக்கல் சைகோன் சோற்றுக்கடையில் சாப்பிட உட்கார்ந்த சகாயமேரியை நான்கு சுமைதூக்கிகளாலும் ஒரு ஜோடி வண்டிமாட்டாலும் எழுப்ப முடியவில்லை. அவள் எடை ஒரு மூட்டை நெல்லுக்கும் குறைவு.

கடை அப்துல் வஹீதுடையது. சைகோனில் ஜவுளிக்கடை வேலை பார்த்துத் திரும்பியவர், அங்கே நிக்காஹ் செய்த பெண்ணையும் பலாமரத்துக் குட்டை முக்காலிகள் கொஞ்சத்தையும் கப்பலில் கொண்டுவந்தார். அந்த அம்மாளுக்கு இங்கே நஜ்முன்னிசா என்று பெயர். தன் ஊரில் கூலிக்காரர்கள் மதியம் சாப்பிடுவதையே இங்கும் ஆக்கினார்: உதிரியாக வேகவைத்த நொய், மேலே கரியடுப்பில் வாட்டிய மெல்லிய கறித்துண்டு, வெள்ளரிப் பிஞ்சு, பொரித்த முட்டை, மீனை உப்பில் ஊறவைத்து வடித்த தண்ணீர் ஒரு கரண்டி. நொய்யைக் கோழிக்கும் காய்ச்சல்காரனுக்கும் மட்டுமே போட்டுப் பழகிய மதுரை முதலில் சிரித்தது. தட்டு ஒன்றரையணா என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றது. இரண்டு வருஷம் முக்காலிகள் தம் குணத்தைக் காட்டவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். வயிறு நிறையாமல் போதும் என்று சொன்ன ஆணை அந்தக் கடை பார்த்ததில்லை.

சகாயமேரி எதிர்வாடையில் இருந்த நூல் சுற்றும் கொட்டகையில் வேலை செய்தாள். அங்கே ஆண்களுக்கு மத்தியானம் மணியடிக்கும், வெளியே போவார்கள். பெண்கள் ராட்டுப் பக்கத்திலேயே நின்றபடி தூக்குவாளிக் கஞ்சியைக் குடித்துக்கொள்ள வேண்டும். வீட்டிலும் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. புருஷனும் மைத்துனர்களும் எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துக்கொள்வாள். கறி வாட்டும் புகை இரண்டு வருஷமாகக் கொட்டகைக்குள் வந்து அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. அன்று ஆண்களுக்கு அடித்த மணிக்கு அவளும் வெளியேறினாள். "திரும்பி மணியடிக்கையில ராட்டுல இல்லைன்னா உனக்கு வேலை இல்ல, பாத்துக்க" என்று மேஸ்திரி நல்லகாமன் பின்னாலிருந்து கத்தினார். அந்தக் கூலியில்தான் அவள் வீட்டு உலை கொதித்தது.

பாதித் தட்டு தீர்ந்ததும் நஜ்முன்னிசா கரண்டியோடு வந்தார். பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகியதை சகாயமேரி சொன்னாள்: "போதும்க்கா." மணி அடித்தது. எழப் பார்த்தாள். முடியவில்லை. அவள் முக்காலியோடு ஒட்டிக்கொண்டாள், முக்காலி பூமியோடு ஒட்டிக்கொண்டது. நல்லகாமன் வந்து கையைப் பிடித்து இழுத்தார், சுமைதூக்கிகளைக் கூப்பிட்டார். முக்காலியில் வடக்கயிறு கட்டி மாடுகளைப் பூட்டினார்கள். கயிறு அறுந்தது, மாடுகள் சாணி போட்டுவிட்டு நின்றன. "நடிக்கிறியாடி?" என்றார் மேஸ்திரி. "அண்ணே, நீங்க இம்புட்டுப் பேரும் மாடும் சேர்ந்தா நடிக்கிறீக?" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது.

நஜ்முன்னிசா மட்டும் ஆச்சரியப்படவில்லை. தம் ஊரில் இது வழக்கம் என்பதுபோல, "அந்த முக்காலி பொய் தாங்காது. வயித்துக்கு என்ன வேணும், அதைச் சொல்லு" என்றார். தெரு முழுக்க ஆண்கள் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் ஒரு பெண் இன்னும் வேண்டும் என்று கேட்பது, துணியில்லாமல் நிற்பதற்குச் சமம் என்றுதான் அவளை வளர்த்திருந்தார்கள். சகாயமேரி முந்தானையால் வேர்வையைத் துடைத்தாள். "சோறு போடுங்க. கறி போடுங்க. முட்டை முழுசா வேணும், யாருக்கும் பாதி கொடுக்க மாட்டேன்" என்றாள். மூன்றாவது தட்டு முடிந்ததும் ஓர் ஏப்பம் விட்டாள். அது யானைக்கல் வரை கேட்டது. பிறகு பூவைப்போல எழுந்து, கை கழுவி, காசை வைத்தாள். "வேலை போச்சு" என்றார் மேஸ்திரி. "வயிறு ரொம்பிருச்சுண்ணே" என்றாள் அவள்.

மறுநாள் ஆண்களுக்கு அடித்த மணிக்குக் கொட்டகையின் பெண்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். முக்காலி கிடைத்தவர்கள் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் காத்து நின்றார்கள். பழக்கதோஷத்தில் ஒவ்வொருத்தியும் முதலில் போதும் என்றாள், ஒவ்வொருத்தியும் ஒட்டிக்கொண்டாள். சாயங்காலம் வரை ராட்டுகள் சும்மா நின்றன. அடுத்தடுத்த நாளும் அப்படியே. அந்த வாரக் கடைசியில் நூல் கிடைக்காத நெசவாளிகள் முதலாளி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை பெண்களுக்கும் மத்தியான மணி அடித்தது. அதை அடித்தது நல்லகாமன். சகாயமேரி தன் பழைய ராட்டிலேயே உட்கார்ந்தாள், அதுவும் வேலையில்லாமல் போன நாள்களின் கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு.

யுத்தம் வந்தது. சைகோன் கப்பல் நின்றது, மீன்தண்ணீர் மண்டபம் கடற்கரையிலிருந்து வந்தது, அரிசி ரேஷனுக்குப் போனது, நொய்யோடு கம்பும் கலந்தது. கடை மூடவில்லை. முக்காலிகளும் குணம் மாறவில்லை. கொட்டாம்பட்டியிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண் யாராவது இன்றைக்கும் பாதித் தட்டில் போதும் என்று சொல்லி ஒட்டிக்கொள்வதுண்டு. சிம்மக்கல்லில் இப்போது யாரும் அவளைப் பிடித்து இழுப்பதில்லை. இன்னொரு கரண்டி சோறு கொண்டுவருகிறார்கள்.