மஞ்சள் தொட்டி வளைவில் நிறுத்தாதே

பென்சிலுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்து நாற்பத்தியொரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவள் எல்லை தாண்டிக் கார் ஓட்டிக்கொண்டு போகப்போகிறாள் என்ற செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது வேறு யாருமில்லை, அம்மாதான். பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் இருபது மெஷின் இரைச்சலுக்கும் மேலே கேட்கிற குரல் அம்மாவுக்கு.

பயணத்துக்குக் காரணம் பித்தப்பைக் கல். பத்தாம் தேதி ஆபரேஷன். "கத்தி வைக்கறதுக்கு முன்னாடி பெரியவளை ஒரு தடவை கண்ணால பாத்துடணும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். பெரியவள் எல்லைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய் நாலு வருடம். வீட்டுப் பக்கம் வந்து இரண்டு வருடம். கூப்பிடும்போதெல்லாம் "அடுத்த மாசம் நானே வரேம்மா" என்பாள். அடுத்த மாதமும் அதையேதான் சொல்வாள். அவளுக்கு லிஃப்ட் வைத்த வீடு, மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் நல்ல வேலை. அம்மா சொல்லிச் சொல்லி, தையல் கூடத்தில் எல்லோரும் அந்த லிஃப்டில் ஒரு தடவையாவது ஏறி இறங்கியிருப்பார்கள்.

பென்சில் என்பது அக்கா வைத்த பெயர். ஒல்லி உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பாள். மாலையில் வக்கீல் அலுவலக எழுத்தர் வேலைக்கான வகுப்புக்குப் போவாள். எதையும் எழுதிப் பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும். எழுதிய பிறகும் பாதி நம்பிக்கைதான் வரும்.

எச்சரிக்கைகள் வர ஆரம்பித்ததும் நோட்டில் மூன்று கட்டம் போட்டாள். என்ன ஆபத்து, யார் சொன்னது, சொன்னவர் கண்ணால் பார்த்தாரா.

முதலில் அரசாங்கத்தின் பயண எச்சரிக்கையை எழுதினாள். நிறுத்திவைத்த காருக்குள் பை தெரியும்படி விடாதீர்கள், பொழுது சாய்ந்தபின் நெடுஞ்சாலையில் போகாதீர்கள், சந்தைப் பக்கம் ஜேப்படி உண்டு. இரண்டு பக்கம், கீழே தேதி, புகார் எண்ணிக்கை. படித்தால் பயம் வந்தது. ஆனால் அளவான பயம்.

தெருவில் கிடைத்த பயத்துக்கு அளவே இல்லை.

"எல்லை தாண்டி அரை மணி நேரம் போனா ஒரு வளைவு வரும். மஞ்சத் தண்ணித் தொட்டி, பக்கத்துல பெட்ரோல் பங்க். யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஒரு கூட்டம் கார்கிட்ட வரும். கண்ணாடிய மட்டும் இறக்கிடாதம்மா, அவ்வளவுதான் சொல்வேன்" என்றார் பேக்கரிக்காரர்.

மருந்துக்கடை அண்ணனும் மஞ்சள் தொட்டியையே சொன்னார். ரொட்டி வேன் டிரைவரும், மாடி வீட்டு அக்காவும் அப்படியே. அம்மாவின் தம்பி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா, அதற்குக் கையும் காலும் வைத்தார்.

"யூனிஃபார்ம்ல வருவானாம், துணியால மூஞ்சிய மூடியிருப்பானாம். சாவியப் பிடுங்கிட்டு உங்கம்மாவ அந்தத் தொட்டியிலயே போட்டுருவான்."

"நீங்க பாத்தீங்களா மாமா?"

"பாத்திருந்தா இங்க உக்காந்து டீ குடிச்சிட்டு இருப்பனா?"

ஐந்து பேர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தாள். பிறகு நோட்டை மறுபடி படித்தாள். ஐந்து வரியிலும் தேதி இல்லை. மூன்றாவது கட்டம் ஐந்திலும் காலி. அதைவிட உறுத்தியது, ஐந்து பேரும் 'கண்ணாடிய மட்டும் இறக்காதே' என்று ஒரே மாதிரி முடித்தது.

ஒவ்வொருவராகப் போய் யார் சொன்னது என்று கேட்டாள். பேக்கரிக்காரருக்கு வேன் டிரைவர் சொல்லியிருந்தார். டிரைவருக்கும் மருந்துக்கடை அண்ணனுக்கும் மாடி வீட்டு அக்கா. அவளும் அம்மாவும் ஒரே தையல் கூடம். மாமாவுக்குச் சொன்னதும் அம்மாவேதான்.

"உனக்கு யாரும்மா சொன்னாங்க?"

அம்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "பெரியவதான். நாம வரோம்னு சொன்ன அன்னிக்கே சொல்லிட்டாளே. அங்கயே இருக்கறவ சொன்னா பொய்யா இருக்குமா?"

ஐந்து பேர் ஒரே ஆளாகிவிட்டார்கள். அந்த ஒரே ஆள் அக்கா. பென்சில் அவளுக்குப் போன் செய்தாள்.

"நீ பாத்தியாக்கா?"

"எதை?"

"மஞ்சத் தொட்டிக் கூட்டத்த."

"கேள்விப்பட்டேன்டி. சும்மா கோர்ட் மாதிரி கேக்காத."

"எப்ப நடந்தது? எந்த மாசம்?"

பின்னால் எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. லிஃப்ட் வைத்த வீட்டுக்குள் லாரி எப்படி வந்தது என்று பென்சில் யோசித்தாள்.

"அம்மாவ அலைய விடாத பென்சில். நான் அடுத்த மாசம் வரேன்."

"அடுத்த மாசம் வந்து என்னக்கா செய்வ? ஆபரேஷன் பத்தாந்தேதி."

போன் வைக்கப்பட்டது. பென்சில் நோட்டில் நாலு வரிகளை அடித்தாள். ஐந்தாவதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். உடனே தன்மேலேயே சந்தேகம் வந்தது. சொந்த அக்காவை எதிர்த்தரப்புச் சாட்சி மாதிரி அடிக்கிறோமே, நாளைக்கு நிஜமாகவே ஏதாவது நடந்தால்? அழிரப்பரை எடுத்தாள். கேள்விக்குறியை அழித்தாள். மறுபடி போட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். அப்பா விட்டுப்போன சின்னக் கார், முன்னால் அம்மா, பின்னால் மாமா. மாமா மடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு டார்ச் லைட்.

"பகல்ல எதுக்கு மாமா டார்ச்?"

"வெளிச்சத்துக்கா கொண்டு வரேன்?"

வளைவில் நிறுத்த வேண்டிவரக் கூடாது என்று எல்லைக்கு இந்தப் பக்கமே டேங்கை வாய்வரை நிரப்பினார்கள். சோதனைச்சாவடியில் தாள்களைப் பார்த்த அதிகாரியிடம் பென்சில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், மஞ்சள் தொட்டி பங்க் பக்கம் வழிப்பறி நடக்குதாமே?"

"அங்கயா?" அவர் முத்திரை குத்துவதை நிறுத்தினார். "தினம் நான் அங்கதானே பெட்ரோல் போடறேன். காத்தடிக்கற மெஷின் வேலை செய்யாது, அது ஒண்ணுதான் கொள்ளை."

கார் நகர்ந்ததும் மாமா முன்பக்கம் சாய்ந்தார். "இவனுக்கும் அதுல பங்கு இருக்கும். மூஞ்சியப் பாத்தியா?"

"நல்ல மூஞ்சியாத்தானே இருந்துச்சு" என்றாள் அம்மா.

"அதான் சொல்றேன்."

சாலை நீண்டு கிடந்தது. பின்னால் வந்த வெள்ளைக் கார் இரண்டு வளைவு வரை கூடவே வந்தது. மூன்று பேரும் கண்ணாடியிலேயே பார்த்தார்கள். அது ஒரு பள்ளிக்கூட வாசலில் திரும்பிக்கொண்டது.

மஞ்சள் தொட்டி தெரிந்தது. சொன்னபடியே வளைவு, சொன்னபடியே பங்க். நீலச் சட்டை, நீலத் தொப்பி, முகத்தில் துணி கட்டிய ஒரு உருவம் பம்ப் பக்கத்தில் நின்றிருந்தது.

"மிதி, மிதி!" என்றார் மாமா.

மிதித்தால் அரை நிமிடத்தில் வளைவைத் தாண்டிவிடலாம். ஆனால் மூன்றாவது கட்டம் காலியாகவே இருக்கும். நிறுத்தக் கூடாத இடத்தை இவ்வளவு துல்லியமாக அக்கா ஏன் சொன்னாள்? வண்டியை ஊர் முழுக்கத் திருடலாமே, இந்த ஒரே இடத்தில் ஏன்? பென்சில் இண்டிகேட்டர் போட்டாள்.

"அடி பாவி, என்னடி பண்ற?" அம்மா அவள் தோளைப் பிடித்தாள்.

"பாத்துடலாம்மா."

கார் பம்ப் முன்னால் நின்றது. கதவுகளைப் பூட்டினாள். நீலச் சட்டை இவர்களை நோக்கி நடந்து வந்தது. மாமா டார்ச்சை ஓங்கினார். பத்தடி தூரத்தில் அந்த உருவம் நின்றது. நம்பர் பிளேட்டைப் பார்த்தது. அப்பாவின் பழைய காரைப் பார்த்தது. சட்டென்று திரும்பி, பங்குக்குப் பின்னால் இருந்த அறையைப் பார்த்து வேகமாக நடந்தது. வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பிய, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த நடை.

பென்சில் அசைவதற்குள் அம்மாவின் கை போய்க் கண்ணாடியை இறக்கியது.

"ஏய், பெரியவளே!"

இருபது மெஷினுக்கு மேலே கேட்கிற குரல். லாரிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நீலச் சட்டை நின்றது. கொஞ்ச நேரம் முதுகு மட்டுமே தெரிந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்து, ஜன்னல் அருகில் துணியை அவிழ்த்தாள்.

"கண்ணாடிய இறக்காதன்னு சொன்னேன்ல?" என்றாள் அக்கா.

அவளே சொன்னாள். அத்தான் போய் எட்டு மாதம். எங்கே என்று தெரியாது. வீடு போயிற்று, பூட்டிக் கிடக்கிறது. பின்னால் இருக்கிற அறையில்தான் படுக்கை. "இந்த ஒரு ரோடுதான் ஊருக்குள்ள போகும். எப்படிப் போனாலும் இங்க தாண்டித்தானே ஆகணும். நிக்காமப் போயிட்டா, பூட்டின வீட்டப் பாத்துட்டுத் திரும்பிடுவீங்கன்னு நினைச்சேன்."

அம்மா ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி அக்காவின் சட்டைத் தோளைப் பிடித்து இழுத்தாள். தையல் ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது.

"எவ தச்சது இது? தோளே உக்காரல. நாலு ஊருக்கு யூனிஃபார்ம் தைக்கறேன், எம்பொண்ணு கோணி மாட்டிக்கிட்டு நிக்கறா."

"அம்மா..."

"பத்தாந்தேதி எனக்கு ஆபரேஷன். லீவு கேளு. தரலன்னா நான் கேக்கறேன்."

அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி எழுந்து நின்று பார்த்தார். மாமா டார்ச்சைக் காலடியில் தள்ளினார். "பெட்ரோல் போடற மாதிரியாவது நில்லும்மா, அந்தாளு பாக்கறான்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு பம்பின் குழாயை எடுத்தாள். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"வாய்வரை இருக்கேடி. எங்க போடறது?"

"நீதானே இங்க நிக்கக் கூடாதுன்ன, அதான் அங்கயே போட்டுட்டோம்" என்றாள் பென்சில். நோட்டு டாஷ்போர்டில் இருந்தது. அதைத் திறக்கத் தோன்றவில்லை.

"ரெண்டு சொட்டாவது போடு" என்று அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "அதுக்குள்ள நான் போய் அந்த ஆள்கிட்ட லீவு பேசிட்டு வரேன்."