படம் வேண்டாம், கலர் போதும்

ஒடுகத்தூரில் பழைய பங்களா ஒன்றை இடித்தபோது, சிவப்பும் பச்சையும் நீலமுமான கதவுக் கண்ணாடிகள் ரங்கசாமியின் காயலான் கடைக்கு வந்து சேர்ந்தன. வாளி வாங்கப் போன மதலேனாள் வாளியை மறந்தாள். நீல வெளிச்சம் அவள் கையில் வந்து படுத்துக்கொண்டிருந்தது.

"இத்த வெச்சு இன்னா பண்ணப் போற?" என்றான் ரேடியோ ரிப்பேர் செய்யும் கணவன் பிலிப்ராஜ்.

"சன்னல் பண்ணப் போறேங்க. மாதா கோயில்ல இருக்கிற மாதிரி."

படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி அறுக்கும் கருவியை இரவல் வாங்கினாள். ஆரம்பத்தில் கண்ணாடி அவள் கீறிய கோட்டை மதிக்காமல் தன் போக்கில் உடைந்தது. விரல்களில் துணிக்கட்டு ஏறியது. அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்து அடியில் மெல்லத் தட்டிய ஒருநாள், அது டிக்கென்று கோட்டோடு பிரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. துண்டுகளின் ஓரத்தைத் தேய்த்து, பழைய டிரான்ஸ்பார்மரிலிருந்து உரித்த மெல்லிய செம்புத் தகட்டை மடித்துச் சுற்றினாள். பிலிப்ராஜின் சால்டரிங் ராடால் ஈயத்தை உருக்கி எல்லாவற்றையும் பற்றவைத்தாள். நீல வானமும் பச்சை மலையும் சமையலறைச் சன்னலில் ஏறின.

மலையிலிருந்து தேன் விற்க வரும் மாதம்மாள் அந்த வெளிச்சத்தில் கூடையை இறக்கி உட்கார்ந்தவள், நெடுநேரம் எழவில்லை.

"எனக்கும் ஒண்ணு பண்ணித் தர்றியா, யம்மா?"

"இன்னா படம் வேணும்க்கா?"

"படம் வாணாம். கலரு போதும்." பிறகு ஏதோ நினைவு வந்தவளாகச் சொன்னாள். "எங்க வூட்ல சன்னலே கெடையாதே!"

மீதித் துண்டுகளைச் சேர்த்து ஒரு முறம் அளவுக்குச் செய்து, பழம்புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மதலேனாள் மலை பஸ் ஏறினாள். மாதம்மாளின் புருஷன் சின்னதம்பி கடப்பாரையை எடுத்து மேற்குச் சுவரில் ஓட்டை போட்டான். கண்ணாடியை ஓட்டையில் பொருத்தி, சுற்றிலும் களிமண் பூசினார்கள்.

வெயில் சாய்ந்ததும் மூவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அடுப்புப் புகை சிவப்பாக எழுந்து, பச்சையாகத் திரும்பி, நீலமாகக் கூரைக்குள் கரைந்தது. மதலேனாளுக்கு, தான் மலையில் இருக்கிறோமா, தூக்கத்தில் இருக்கிறோமா என்று புரியவில்லை.

"இன்னும் ரெண்டு சுள்ளி வையி. பொகை வரட்டும்," என்றான் சின்னதம்பி.