பொம்மைக்காக அழுதவள்

சவப்பெட்டிக்குள் கிடந்த அம்மாவின் முந்தானையை ஜெனுஷா சரிசெய்துகொண்டிருந்தபோது, தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றது. ஏழெட்டு இளம் டொக்டர்மார் இறங்கி, மழையில் வழுக்கும் படிகளில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் பிள்ளைகள் வார்ட்டின் பெரிய டொக்டர், ஜீவராணி.

கந்தப்பளைத் தோட்டத்தில் ஜெனுஷாவின் அம்மா றோசலினைத் தெரியாதவர் இல்லை. பெரிய வெள்ளி நாடகத்தில் வருஷா வருஷம் மாதாவாக நின்று அழுகிறவள் அவள்தான். அந்த அழுகையைக் கேட்டுத்தான் ஜீவராணி அவளை வேலைக்குக் கூப்பிட்டார். வலிப்பு வந்த பிள்ளையைக் காப்பாற்ற இளம் டொக்டர்மாருக்கு ஒரு பொம்மையை வைத்துப் பயிற்சி நடக்கும். பொம்மை கைகாலை உதறும். பக்கத்தில் நின்று கதறுகிற தாயாக றோசலின். நேற்றுக் காலை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மாரடைப்பு. வேன் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, சுலக்ஷனா என்ற டொக்டர் பிள்ளை, ஜெனுஷாவின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயா, என்னோட பயிற்சி அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுங்களா? டொக்டர் தன்னைப் பாத்துப் பேசுற வரைக்கும் அம்மா கத்திக்கிட்டே இருக்கணும். பெரிய டொக்டர் அப்படித்தான் சொல்லி வச்சிருந்தாங்க. நான் ஒக்சிசன் வச்சேன், ரத்தத்துல சீனி பாத்தேன், மருந்தும் குடுத்துட்டேன். அம்மாகிட்ட பேச மட்டும் மறந்துட்டேன். அவங்க விடுவாங்களா? எங் கழுத்துல கெடந்த ஸ்டெதஸ்கோப்ப பிடிச்சுத் தொங்குறாங்க! சத்தம் கேட்டு வாசல் செக்கியூரிட்டி ஓடி வந்து, நெசமாவே புள்ள போயிருச்சுன்னு அவரும் சேந்து அழுவுறாரு!"

அப்பா றோலண்ட் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"இங்கயும் அப்படித்தாங்க. கக்கூஸ்ல ஒரு தவளையக் கண்டா நாலு லயத்து சனமும் கூடிரும்."

வாசலில் நின்றவர்கள் வரை சிரிப்பு பரவியது. ஜெனுஷாவும் சிரித்தாள்.

"பெத்தவ பெட்டியில கெடக்கா, இந்தப் புள்ள சிரிக்குது பாரு," என்றாள் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி. "நேத்துலருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடல."

உண்மைதான். பெட்டிக்குச் சொன்னது, ஃபாதருக்குச் சொன்னது, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி, அப்பாவுக்கு மாத்திரை என்று ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டே இருந்தாள். அழுகை வரவில்லை. வராததைப் பற்றி யோசிக்கவும் நேரமில்லை.

அடக்கம் முடிந்து புறப்படும்போது ஜீவராணி அவள் கையைப் பிடித்தார்.

"நாளன்னிக்கு ஒரு பயிற்சி இருக்கும்மா. இந்தப் புள்ளைங்கள்ல பாதிப் பேரு அடுத்த கிழமை தூர ஆஸ்பத்திரிகளுக்குப் போறாங்க, தள்ளிப்போடவும் ஏலாது. பொம்மை மட்டும் வச்சு எப்படியாவது செய்யணும். அம்மா இருந்திருந்தா..."

"நான் வர்றேன் டொக்டர்."

கேட்டவர் மட்டுமல்ல, சொன்னவளும் திகைத்துப் போனாள்.

"போயிட்டு வா," என்றார் அப்பா. "ஆனா தொண்ட வேணும். ஒங்கம்மா மொத நாளே கருப்பட்டி கடிச்சுக்குவா."

பயிற்சி அறை சின்னதாக இருந்தது. கட்டிலில் ஐந்து வயதுப் பையன் அளவில் ரப்பர் பொம்மை. கம்பியூட்டருக்குப் பின்னால் ஜீவராணி தலையசைத்ததும் அது உதறத் தொடங்கியது. உயரமான ஒரு சிங்கள டொக்டர் தம்பி ஓடி வந்து அதை ஒருக்களித்துப் படுக்க வைத்தான்.

ஜெனுஷா வாயைத் திறந்தாள். "ஐயோ," என்றாள். வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. யாரோ இருமினார்கள். இன்னொரு தரம், "ஐயோ, எம் புள்ள!"

பொம்மையின் கை கட்டில் சட்டத்தில் அடித்தது. டொக்.

அடுத்து வந்த குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி அறைச் சுவர்களில் முட்டியது. தாதி ஒருத்தி கையிலிருந்த டிரேயைக் கீழே போட்டாள். ஜெனுஷா கட்டிலைப் பிடித்து உலுக்கினாள். "ஏதாச்சும் செய்யுங்க! பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே! இப்பத்தானே பேசிக்கிட்டு இருந்துச்சு, இப்பத்தானே தேத்தண்ணி ஊத்துச்சு..."

மருந்தை அளந்துகொண்டிருந்த தம்பி அளவை இன்னொரு தரம் சரிபார்த்தான். மருந்தைக் கொடுத்து முடித்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி, நேராக முகத்தைப் பார்த்தான்.

"அம்மா, உங்க பேர் என்ன?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"றோசலின்."

"றோசலின் அம்மா, மருந்து கொடுத்தது. பிள்ளை ஆடுறது நிக்கும். நீங்க தூரம் போக வேண்டாம். இங்க வாங்க. பிள்ளை தலை பிடிங்க."

பிடித்தாள். கொஞ்சங்கொஞ்சமாக உதறல் தணிந்து பொம்மை அசையாமல் கிடந்தது.

"முடிஞ்சுது!" என்று ஜீவராணி கைதட்டினார். அறையே தட்டியது. தம்பி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"அக்கா, என் தமிழ் சரியா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி," என்றாள். குரல் கம்மிப்போயிருந்தது.

எல்லோரும் கையுறைகளைக் கழற்றிவிட்டு, இனிப்புப் பனிஸும் தேத்தண்ணியும் வைத்திருந்த மேசைப் பக்கம் பேசியபடி நகர்ந்தார்கள். ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜெனுஷா பொம்மையின் காலடியில் கிடந்த போர்வையை எடுத்து, கழுத்துவரை இழுத்து, ஓரங்களை உள்ளே செருகிவிட்டாள்.