முதல் வரிசையோடு போன கார்டு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்டு வாங்கியது. வில்லியனூரில் பெண்களுக்கு இலவசத் தொழிற்பயிற்சி நடத்தும் ஒரு தொண்டு நிறுவனம் தன் ஆண்டு மலருக்கு ஒரு 'வெற்றிக் கதை' எழுதித் தரச் சொன்னது. ஆளையும் அவர்களே கொடுத்தார்கள்: பண்டசோழநல்லூர் ஜெயசித்ரா. முடிவையும் அவர்களே கொடுத்தார்கள்: 'இன்று பத்துப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறார்.' நடுவில் இருப்பதை நான் நிரப்ப வேண்டும். தலையாட்டினேன். அந்த வெட்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: 'கரும்புத் தோட்டங்களின் மேல் கதிரவன் எழும்போதே, நெஞ்சம் நிறைந்த நம்பிக்கையோடு ஜெயசித்ரா...'

(பொய். அன்று அவள் எரிச்சலோடுதான் எழுந்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'வாய்ப்பு நம்மைத் தேடி வராது, நாம்தான்...'

(இந்த வாக்கியத்தை முடித்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.)

2

உள்ளதைச் சொல்கிறேன். ஜெயசித்ரா திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் கான்ட்ராக்டில் பெட்டி அடுக்கியவள். அங்கே எல்லோருக்கும் ஒரு நீலக் கோட்டு கொடுப்பார்கள். கையைத் தூக்கித் தூக்கி இரண்டே மாதத்தில் அது அக்குளில் கிழிந்துவிடும். துருத்திக்கொண்டிருக்கும் பை, மெஷினில் போய் மாட்டும். கான்ட்ராக்ட் முடிந்ததென்று அவளை வெளியே அனுப்பிய பிறகு, வீட்டில் உட்கார்ந்து அந்தக் கோட்டைத் தானே வெட்டித் தைத்தாள். அக்குளில் ஒரு சதுரத் துண்டு கொடுத்தாள், பையை உட்பக்கமாக வைத்தாள். மூன்று வருடம் போட்டு உழைத்தவளுக்குத்தானே தெரியும்.

பக்கத்து வீட்டு செங்கமலமும் இன்னும் இரண்டு பேரும் மெஷினோடு தயார். தொழிற்சாலைக்கு இந்தக் கோட்டைத் தைத்துக் கொடுக்கும் ஆர்டர் கிடைத்தால் நான்கு வீட்டிலும் வருடம் முழுக்க மெஷின் ஓடும். கிடைக்காவிட்டால் பழையபடி ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும் வேலைதான். ஆனால் கோட்டைக் காட்ட உள்ளே போக வேண்டும். வேலை போனவளை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்.

அதனால்தான் பயிற்சி. உள்ளே ஆள் தெரிந்த யாராவது அங்கே கிடைப்பார்கள் என்று. பினாயில், காளான், சோப்பு, மறுபடியும் பினாயில் என்று அவள் பதினோரு பயிற்சிக்குப் போயிருக்கிறாள். சொல்லிக்கொடுப்பவர்களைவிடக் கைகழுவும் குழாயடியில்தான் அவள் அதிகம் கற்றுக்கொண்டாள். எந்தக் கடை நூல் அறுந்துபோகும், எந்த புரோக்கர் ஏமாற்றுவான் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். போன் நம்பர்களும் அங்கேதான் கைமாறும்.

(இலவசம், இலவசம் என்கிறார்களே, யாருக்கு இலவசம்? ஒரு நாள் தையல் போகிறது. பஸ்ஸில் நின்றபடி வர வேண்டும். வந்தவுடன் மூன்று தாளில் கையெழுத்து. அவள் தலையை எண்ணிக்காட்டி நிறுவனம் அடுத்த வருடத்தையும் ஓட்டுகிறது. இதில் இலவசமாகப் பெற்றுக்கொண்டது யார்?)

3

வெள்ளிக்கிழமை நடந்தது பன்னிரண்டாவது. 'தொழில் தொடர்பு வளர்ப்பு முகாம்' என்று பேனர். அதே தொழிற்சாலையின் பர்சேஸ் மேனேஜர் சிறப்பு விருந்தினர். பெயர் கடைசி நேரத்தில்தான் உறுதியானதால் பேனரில் இல்லை. தொண்டு நிறுவனத்தின் அமைப்பாளர் கலைவேந்தனின் படம் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. மைக்கிலும் விருந்தினரை 'சார் அவர்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெயசித்ரா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் பை. பைக்குள் கோட்டு.

எழுத்தாளர் என்பதால் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

விளக்கேற்றியாயிற்று. பொன்னாடை போர்த்த வேண்டும். எல்லாப் பயிற்சிக்கும் வருகிற முகம் என்பதால் கலைவேந்தன் அவளைக் கூப்பிட்டார். அவள் மேடை ஏறினாள். நீட்டிய சால்வையை வாங்கி நாற்காலியில் வைத்தாள். மஞ்சள் பையிலிருந்து நீலக் கோட்டை எடுத்து, உதறி, விருந்தினரின் தோளில் போட்டு, கைகளையும் நுழைத்து மாட்டிவிட்டாள்.

"ஏம்மா, இன்னாமா பண்ற நீ!" என்று கலைவேந்தன் பாய்ந்து வந்தார்.

"இருங்க சார். சார், கொஞ்சம் கைய மேல தூக்குங்க. அக்குள்ல இழுக்குதா பாருங்க."

அந்த மனிதர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கியும் பார்த்தார். "இழுக்கலியே! யார் தைச்சது? திங்கக்கிழமை பேக்டரிக்கு வாங்க" என்றார்.

அவ்வளவுதான். கலைவேந்தன் கோட்டை உருவி அவள் கையில் திணித்தார். சால்வை ஏறியது. போட்டோ எடுத்தார்கள். விருந்தினருக்கு வீராம்பட்டினத்தில் இன்னொரு நிகழ்ச்சி இருந்ததாம். எழுந்தவர் முதல் வரிசைக்குக் கைகொடுத்து, ஆளுக்கொரு கார்டு கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். ஜெயசித்ரா மேடையை விட்டு இறங்குவதற்குள் கார் சுல்தான்பேட்டையைத் தாண்டியிருக்கும்.

(ஆண்டு மலருக்கு என்று எனக்கு அனுப்பிய படத்தில் கோட்டு இல்லை. அவளும் பாதி இல்லை.)

4

அதற்குப் பிறகுதான் வகுப்பு தொடங்கியது. புதுச்சேரி டவுனிலிருந்து வந்த பயிற்சியாளர் இரண்டு மணி நேரம் தொடர்பு வளர்ப்பது எப்படி என்று பேசினார். "ஒரு கார்டாவது வாங்காம எந்தக் கூட்டத்த விட்டும் வெளிய போகாதீங்க!" என்றார்.

ஜெயசித்ரா எழுந்தாள். "கார்டு வச்சிருக்கறவங்கள மொத வரிசையோட அனுப்பிட்டீங்களே சார். நாங்க யாருகிட்ட வாங்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். "பாசிட்டிவா யோசிங்கம்மா" என்றார் பயிற்சியாளர். எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்த ரத்தத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எலுமிச்சை சாதம் வந்தது, சாப்பிட்டேன்.

5

சனிக்கிழமை அவளுக்கு போன் செய்து 'பேட்டி' எடுத்தேன். படிப்பு, பிள்ளைகள், வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு என்று கேட்டு எழுதிக்கொண்டேன். "திங்கக்கிழமை போறேன்க்கா" என்றாள். "வாழ்த்துகள்" என்றேன்.

இப்போது முடிவு.

முடிவு அ: இன்று ஜெயசித்ரா பத்துப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறார். (கலைவேந்தன் இரண்டு முறை வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார். தரமாட்டேன்.)

முடிவு ஆ: வாட்ச்மேன் அவளைத் திருப்பி அனுப்புகிறார். மஞ்சள் பையோடு அவள் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறாள். (இதை எழுதிவிட்டேன், நன்றாகவும் வந்தது. அதனால்தான் அடித்தேன். படிப்பவர் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். எனக்கும் நல்ல பெயர். அவள் மட்டும் ரோட்டில் நின்றுகொண்டிருப்பாள்.)

முடிவு இ: அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு...

6

வாக்கியம் அங்கேயே நிற்கிறது, ஏனென்றால் இன்றுதான் திங்கட்கிழமை, மணியும் பத்தரை, போன் அடித்தது.

"அக்கா, நான் ஜெயசித்ரா. கேட்டாண்ட நிக்கறேன். பர்சேஸ் மேனேஜர்னா இங்க மூணு பேரு இருக்காங்களாம். பேரு சொன்னாத்தான் உள்ள போன் போடுவேன்றாரு வாட்ச்மேன். கலைவேந்தன் சாரு போன எடுக்கல. அந்த ஆளு பேரு இன்னாக்கா?"

கைப்பையைக் கவிழ்த்தேன். மாத்திரை, சில்லறை, பஸ் டிக்கெட், அதற்கடியில் அந்தக் கார்டு. வெள்ளிக்கிழமையிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. என்னிடம் தைக்க எதுவும் இல்லை, விற்கவும் எதுவும் இல்லை. எனக்கு எதற்கு அந்தக் கார்டு?

"பாக்யராஜ்" என்றேன். நம்பரையும் படித்தேன்.

அவள் ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். பிறகு, "உங்க கையிலயேவா இருந்துச்சு? முந்தாநேத்து அவ்ளோ நேரம் பேசினீங்களேக்கா, அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். போனை வைத்துவிட்டாள்.

இந்தக் கதை முழுக்கக் கலைவேந்தன்மேல் கோபப்பட்டு எழுதினேன். கார்டு என் பையில் இருந்தது.

உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. பாக்யராஜுக்கு அந்தக் கோட்டு ஞாபகம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முடிவு இ உங்களுடையது. ஆனால் அதை எழுத உட்காருவதற்கு முன்னால் உங்கள் பையைக் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள். எத்தனை கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தீர்கள்? எத்தனை கார்டு இருக்கிறது? அது யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கு போன் செய்யுங்கள்.