ஒரு ரிமோட், இரண்டு கட்டைவிரல்

சகலைகள் இருவரும் சேர்ந்து ரிமோட்டில் பறக்கும் பெட்ரோல் விமானம் ஒன்றைக் கட்டினார்கள். மூத்தவர் தையல்காரர், இளையவர் பல் டாக்டர். மூத்தவர் அக்காவைக் கட்டியவர், இளையவர் தங்கையைக் கட்டியவர் என்பதைத் தவிர இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் விமானம் என்றால் இருவருக்கும் ஒரே பைத்தியம்.

கிளினிக்கின் பின்னறையில் வேலை நடந்தது. டாக்டர் பல் குடையும் மிஷினால் மெல்லிய மரச்சட்டங்களில் துளை போட்டார். தையல்காரர் குடைத்துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து இறக்கைகளுக்குப் போர்த்தினார். புல்வெட்டும் மிஷினிலிருந்து கழற்றிய இன்ஜினை மூக்கில் பொருத்தி முதல்முறை கிளப்பியபோது, வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர், வலி விட்டுவிட்டது என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

சண்டை இறக்கையில் வந்தது. துணியின் ஓரத்தைத் தையல்காரர் மடித்துத் தைத்திருந்தார்.

"அப்படியே ஒரு பாக்கெட்டும் வெச்சிடுங்க," என்றார் டாக்டர்.

"பல்லைப் புடுங்கறவருக்கு இறக்கையைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் தையல்காரர்.

அதோடு பேச்சு நின்றது. வேலை நிற்கவில்லை. "குறடு வேணும்னு சொல்லு" என்று ஒருவர் தன் மனைவியிடம் சொல்வார். கையெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு அந்தச் சேதி அக்காவையும் தங்கையையும் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்.

விமானம் தயாரானதும், யார் ஓட்டுவது என்பதில் மறுபடி முட்டிக்கொண்டது. அக்கா தீர்ப்புச் சொன்னாள்: "ரிமோட்ல ரெண்டு குச்சி இருக்கில்ல? ஆளுக்கு ஒண்ணு."

இடது குச்சி வேகத்துக்கு, அது தையல்காரருக்கு. திருப்பவும் ஏற்றி இறக்கவும் வலது குச்சி, அது டாக்டருக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை, கால்பந்து மைதானத்தில் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே ரிமோட்டைப் பிடித்தபடி நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. விமானம் குதித்துக் குதித்து ஓடி, ஒருவழியாக மேலே ஏறியது.

"வேகத்தைக் குறைக்கச் சொல்லு," என்றார் டாக்டர்.

தங்கை அக்காவிடம் சொன்னாள். அக்கா புருஷனிடம் சொன்னாள். அவர் காதில் அது முதலிலேயே விழுந்ததுதான். ஆனாலும் முறைப்படி வந்து சேரும்வரை விரலை அசைக்கவில்லை. அதற்குள் விமானம் எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போய், கொடியில் காய்ந்த போர்வையை உரசிவிட்டுத் திரும்பியது.

"திருப்பறவருக்குக் கண்ணு தெரியலையான்னு கேளு," என்றார் தையல்காரர்.

அந்தக் கேள்வியும் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்த நேரத்தில் விமானம் தலைக்கு மேல் காது கிழியப் பறந்தது. டாக்டர் மனைவி பக்கம் தலையைத் திருப்பி, பதிலுக்கு ஏதோ கத்தினார். தங்கைக்கு மட்டும்தான் கேட்டது. வெளியே சொல்லக்கூடிய வார்த்தை அல்ல அது. அவள் ஒரு கணம் யோசித்தாள்.

"தப்பு தன் மேலதானாம்க்கா. மனசுல வெச்சுக்க வேணாம்னு மாமாகிட்ட சொல்லச் சொல்றாரு."

அக்கா அதை அப்படியே சொன்னாள். தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "டாக்டரே," என்று நேராகவே கூப்பிட்டு, ரிமோட்டை விட்டுவிட்டு அவரை இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

டாக்டருக்கு மூச்சு முட்டியது. விரல் நழுவியது. விமானம் தலைகுப்புறப் பாய்ந்து, தரைக்கு ஒரு சாண் மேலே எப்படியோ நிமிர்ந்து, நேராகக் கோல் வலைக்குள் புகுந்தது. உள்ளே இன்ஜின் நிற்காமல் வலையை மென்றுகொண்டிருந்தது.

"சகலை, விடுங்க. வேகத்தைக் குறைங்க."

"இதோ, குறைச்சுட்டேன்."

சத்தம் அடங்கியது. தையல்காரர் வலையை நோக்கி ஓடினார். டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நான் எப்ப மன்னிப்புக் கேட்டேன்?"

"அப்போ நெஜமா சொன்னதைப் போய்ச் சொல்லிடவா?"

டாக்டர் கோல் பக்கம் பார்த்தார். சகலை மண்டி போட்டு உட்கார்ந்து, முறிந்த இறக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம். கேட்டதாவே இருக்கட்டும்."

அடுத்த ஞாயிறு, வாலுக்குச் சிவப்பா மஞ்சளா என்று இருவரும் நேருக்கு நேர் நின்று, தெருமுனைவரை கேட்கும்படி சண்டை போட்டார்கள். அக்காவும் தங்கையும் கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம் முழுக்க நிம்மதியாகத் தூங்கினார்கள்.