குளிர்ந்த இன்ஜினும் குடிக்காத காப்பியும்

1

அந்த வெள்ளிக்கிழமை காலிப் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: நான், என் மகன் தியாப், என் சித்தப்பா மகன் ரஜாயி, வீட்டுக்காரன் காலிப், அவன் மனைவி உம்மு ஸனத், தலைநகர் அம்மானிலிருந்து வந்த ஆர்மீனிய மெக்கானிக் கராபெத். அவ்வளவுதான். தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் முடிதிருத்துபவர் அங்கே இல்லை. அவர் சொல்லித்தான் எங்கள் ஊர் ஸல்த்தில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். அதனால்தான் இதை நானே எழுத உட்கார்ந்தேன்.

எழுத்து எனக்குப் புதிதல்ல. எங்கள் குடும்ப வரலாற்றை எழுதி அச்சிட்டவன் நான். அதில் குதிரைகள் வரும், கார் வராது.

இந்தக் கதைக்கு முதலில் எழுதிய வரி இது: பனிக்காலத்தின் ஒரு விடியலில், பழைய இன்ஜின் ஒன்று தன் முதுமையை எண்ணி

இல்லை. இன்ஜின் எதையும் எண்ணாது. ஆனாலும் அந்த வரியைக் கிழித்துப் போடவில்லை. எங்கள் வீட்டில் எதையும் மறைத்து வைப்பதில்லை என்பதை இந்தப் பக்கத்திலேயே வாசகர் பார்த்துக்கொள்ளலாம்.

2

என் பழைய காரைக் காலிப்புக்கு விற்றேன். அவன் ரொட்டிக்கடை வைத்திருப்பவன், இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டப் போகிறவன். காரைப் பார்க்க அவன் வந்த அன்று கடுங்குளிர். விருந்தாளியைச் சில்லிட்ட இருக்கையில் உட்கார வைக்கக் கூடாது என்று, தியாபிடம் சொல்லி முன்னதாகவே இன்ஜினை ஓட விட்டு வைத்தேன். காலிப் ஏறினான், ஓட்டினான், திருப்தியாக இறங்கினான். "இதுல ஒரு சத்தமும் கிடையாது" என்றேன். நான் சொன்னால் எங்கள் குடும்பம் சொன்னதாக அர்த்தம்.

அடுத்த வாரமே தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மாமா, விடியக்காலையில ஸ்டார்ட் பண்ணினா டக்கு டக்குன்னு அடிக்குது. கொஞ்ச தூரம் போனா சத்தம் நின்னுடுது."

"என் வண்டி அடிக்காது."

"அடிக்குது மாமா."

"உன் தெருவுல வேற யாராவது எதையாவது அடிச்சிருப்பாங்க."

(இதை நான் வேடிக்கையாகச் சொன்னதாக ரஜாயி சொல்லிவருகிறான். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.)

பிறகுதான் முடிதிருத்துபவர் கடையில் பேச்சு கிளம்பியது. ஆள் வருவதற்குள் இன்ஜினைச் சூடாக்கி, குளிரில் மட்டும் வரும் சத்தத்தை மறைத்து விற்பது தரகர்களின் திருட்டு வேலையாம். எனக்கு அது தெரியாது. வீட்டில் விருந்தாளிக்காகக் கணப்பு மூட்டுவது போலத்தான் அதையும் செய்தேன்.

எங்கள் ஊரில் பெண் கேட்கப் போகும்போது மாப்பிள்ளை வீட்டுக்காகப் பெரியவர்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவன் நான். எனக்கு முன் என் அப்பா பேசினார். அந்த மாதம் ஒரு குடும்பம் என்னைப் பேச அழைத்துவிட்டு, பிறகு ஆள் அனுப்பி, "இந்தக் குளிர்ல உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றது. அந்த வாக்கியத்தின் பொருள் எனக்குத் தெரியும். சிலரிடம் நானே அதைச் சொல்லியிருக்கிறேன்.

3

கராபெத்தைக் கதையில் வைத்துக்கொள்வதா என்று யோசித்தேன். காரைப் பார்க்காமலேயே, காலிப்பிடம் தொலைபேசியில் "கனெக்டிங் ராட் பேரிங் போச்சு, இன்ஜினையே இறக்கணும்" என்று சொன்னவன் அவன். பேச்சு இவ்வளவு தூரம் வளர்ந்ததற்கு அவனும் காரணம்.

முதல் வரைவில் அவனை அமைதியானவனாக, நரைத்த மீசையோடு, குறைவாகப் பேசுகிறவனாக எழுதியிருந்தேன். ரஜாயி படித்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டான். அதனால் உள்ளபடியே எழுதுகிறேன். கராபெத் சத்தமாகப் பேசுவான். தன்னைப் பற்றி அதிகம் பேசுவான். மீசை கிடையாது.

4

மதியத் தொழுகை முடிந்ததும் போனோம். காலிப் வாசலுக்கே வந்து வரவேற்றான். ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பி வந்தது. கோப்பையை வாங்கி, குடிக்காமல், என் முன்னால் தரையில் வைத்தேன்.*

* எங்கள் பக்கத்தில் இப்படி வைத்தால் ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறோம் என்று அர்த்தம். அது நிறைவேறாமல் குடிக்க மாட்டோம். நாங்கள் குடிக்காதவரை அந்த வீட்டில் சாப்பாடும் நகராது.

காலிப்பின் முகம் வெளுத்தது. "காப்பியக் குடிங்க மாமா. நீங்க கேக்கறது எதுவானாலும் கொடுத்தாச்சு."

"வண்டி நல்லா குளிர்ந்திருக்கணும். எங்க எல்லார் முன்னாலயும் அதை ஸ்டார்ட் பண்ணு. அந்தச் சத்தத்தை நான் என் காதால கேக்கணும்."

காலிப் தரையைப் பார்த்தான்.

"என்னடா?"

"உங்க வண்டிய நிறுத்த இடம் வேணுமேன்னு இப்பத்தான் அதை எடுத்து முற்றத்து ஓரத்துல விட்டேன். நீங்க ஏறிப் பாத்தாலும் பாப்பீங்கன்னு... ஹீட்டரையும் கொஞ்ச நேரம் ஓட விட்டேன்."

நான் நிதானமாகக் கேட்டேன்: "நீ எதை மறைக்கச் சூடு பண்ணின?"

"மறைக்கவா? விருந்தாளிங்க வர்றீங்க, அதனால..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். முதலில் சிரித்தது ரஜாயி. பிறகு கராபெத். காலிப்பும் சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இங்கேயே கதையை முடித்துவிடலாம். என் பெயர் சுத்தமாகிவிட்டது. காப்பியை எடுத்துக் குடித்தால் வாசகரும் நிம்மதியாக எழுந்து போகலாம். ஆனால் நான் கேட்டது சத்தம். அது இன்னும் வரவில்லை.

"ஆறட்டும். காத்திருக்கேன்" என்றேன்.

"பெரியவரே, இரும்பு ஆறணும்னா சாயங்காலம் ஆயிடும்" என்றான் கராபெத், இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தபடி. "காப்பிய மட்டும் குடிச்சிட்டுக் காத்திருக்கலாமே. என் வயித்துக்காகச் சொல்றேன்."

உள்ளேயிருந்து உம்மு ஸனத்தின் குரல் வந்தது: "மன்ஸஃப் கறிச்சோத்துக்கு வச்ச தயிர்க் குழம்ப மூணாவது தடவை சூடு பண்றேன். வண்டிய ஆற வைக்கறீங்க, சரி. சோத்தையுமா?"

யாரும் நகரவில்லை. நானும் நகரவில்லை.

5

(இந்தப் பகுதியில் தியாப் வராமல் இருந்திருக்கலாம். இரண்டு முறை அவனை நீக்கி எழுதிப் பார்த்தேன். அவன் இல்லாமல் கதை நிற்கவில்லை.)

வெயில் எதிர் மலைக்குப் பின்னால் இறங்கியதும், கராபெத் மறுபடி இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். காலிப் சாவியைத் திருகினான்.

டக், டக், டக், டக். யாரோ கதவைத் தட்டுவது போல, அவசரமாக, விடாமல்.

அந்தக் காரில் என் தாடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து போய்வந்தவன் நான். அந்தச் சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். "இது என் வண்டியோட சத்தம் இல்ல" என்றேன்.

பின்னாலிருந்து தியாப் சொன்னான்: "இதேதான் அப்பா."

திரும்பினேன்.

"தினமும் காலையில இப்படித்தான் அடிக்கும். நீங்க வெளிய வர்றதுக்கு முன்னாடி நான் சூடு பண்ணி வச்சிடுவேன்ல. நீங்க வந்து உட்காரும்போது நின்னிருக்கும்."

"ஏன் சொல்லல?"

"நின்னுபோன சத்தத்தப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? பழைய வண்டி, இருமுதுன்னு நினைச்சேன்."

அவன் என்னை மதித்துச் செய்த காரியம் அது. நான் அவனைத் திட்டவில்லை. (திட்டியதாக ஒரு வரைவில் எழுதினேன். அது பொய்.)

கராபெத் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இன்ஜின் முழுக்க நகர்த்திக்கொண்டிருந்தான். "பேரிங் இல்ல. பேரிங்னா சூடானப்புறம்தான் இன்னும் மோசமா அடிக்கும். நான் அப்பவே சொன்னேன்."

"நீங்க பேரிங்னுதான் சொன்னீங்க" என்றான் காலிப்.

"போன்ல சொன்னதெல்லாம் கணக்குல வராது."

அப்போது வாசலில் வந்து நின்ற உம்மு ஸனத், "காலையில அந்த வண்டியில ஏறினா புகை நாத்தம். தலை வலிக்குது" என்றாள்.

கராபெத் நிமிர்ந்தான். "இத ஏம்மா முதல்லயே சொல்லல?"

"சொன்னேன். நீங்கள்லாம் மானத்தப் பத்திப் பேசிட்டிருந்தீங்க."

அவன் உடனே டார்ச்சை வாங்கி, சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் அடித்தான். அந்த இணைப்பின் ஓரத்தில், விசிறி விரித்தது போலக் கரி படிந்திருந்தது. ஒரு போல்ட்டின் தலையைக் காணோம். "போல்ட்டு ஒடிஞ்சிருக்கு, நடுவுல வைக்கற கேஸ்கெட் தகடும் எரிஞ்சு போச்சு. குளிர்ல இந்த இடுக்கு வழியா புகை அடிச்சுக்கிட்டு வெளிய வருது, அதுதான் சத்தம். இரும்பு சூடாகி விரிஞ்சா இடுக்கு தானா மூடிக்கும். பாருங்க." நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டல் மெலிந்தது, விட்டு விட்டுக் கேட்டது, நின்றது.

"இன்ஜின் தங்கம். அரை நாள் வேலை" என்றான் கராபெத். "இப்ப சாப்பிடலாமா?"

6

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், வீண் பேச்சு ஊரில் பரவியதற்காகக் காலிப் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பிடித்த முடிவு இதுதான். இன்னொன்றில், யாரும் யாரிடமும் எதுவும் கேட்காமல் சாப்பிட உட்காருகிறோம். அது நாகரிகமான முடிவு. மூன்றாவதில் நான் எழுந்து நின்று, பெண் கேட்கப் போகும்போது பேசுவது போல நீளமாகப் பேசுகிறேன். நல்ல பேச்சு. எழுதி முடித்ததும் நானே மனம் உருகிப்போனேன். ஆனால் அப்படி எதையும் நான் பேசவில்லை.

வாசகர் தம் வீட்டு வழக்கத்துக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். சூடாக ஊற்றிய புதுக் காப்பியைக் குடித்தேன் என்பதும், சோறு கொஞ்சமும் குழையவில்லை என்பதும் மூன்றுக்கும் பொது. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அத்துடன் எழுதுவதை நிறுத்துவதாக இருந்தேன்.

ஆனால் முடிதிருத்துபவர் கடையில் இப்போது வேறொரு பேச்சு ஓடுகிறது. என் கௌரவத்துக்கு ஏற்றதாக இருப்பதால் எங்கள் வீட்டிலும் யாரும் அதை மறுப்பதில்லை. அன்று எல்லோர் முன்னிலையிலும், எங்கள் பக்கத்தில் மன்னிப்புக் கேட்கும் முறைப்படி, காலிப் குனிந்து என் தலையில் முத்தமிட்டானாம்.

தவறு. முத்தமிட்டது நான்.