டம்ளர் மேல் ஒரு கேள்விக்குறி

“பேசினபடின்னா, யார்கிட்ட பேசினபடி சார்?”

“அதான் எழுதியிருக்கே. ‘நஞ்சன்கூடு பஸ் சரியில்லை. பேசியபடி மாற்றவும்.’ இதுக்கு மேல என்னம்மா வேணும், படம் போட்டுக் காட்டணுமா?”

கேட்டவள் வைஷாலி. பதில் சொன்னவர் டீம் லீட் பரத்வாஜ். தொழிற்சாலை ஊழியர்கள் கம்பெனி பஸ்ஸில் இடம் பிடிப்பதற்கான செயலியைச் செய்யும் சின்ன அலுவலகம் அது, ஹெப்பாளில். திங்கட்கிழமைக் காலை. எந்த வேலைக்கு எத்தனை நாள் என்று முடிவு செய்ய நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். திரையில், யாரோ தூக்கத்தில் உளறியதைத் தட்டச்சு செய்தது போல அந்த டிக்கெட். செய்ய வேண்டிய வேலையை எழுதி அனுப்பும் குறிப்புக்கு அங்கே அதுதான் பெயர்.

“என்ன சரியில்ல சார்? நேரமா, ஸ்டாப்பா, சீட்டா?”

“எடுத்துப் பார்த்தா தெரிஞ்சுடும்.”

“பேசினது மஞ்சுநாத்,” என்றாள் பக்கத்திலிருந்த ஹம்ஸா. “அவர் வேலைய விட்டே போயாச்சு.”

“அவர்தானே போனார். பேசினது எங்க போச்சு?”

கிச்சா சிரித்தான். பரத்வாஜ் எது சொன்னாலும் அவனிடம் ஒரு சிரிப்பு தயாராக இருக்கும். மதிப்பீடும் அப்படித்தான்.

ஆளுக்கொரு கட்டு எண் அட்டைகள். தனக்குத் தோன்றும் நாள்கணக்கை மறைத்து வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். ஒருவர் நினைப்பு இன்னொருவரைத் தொற்றக் கூடாது என்பதற்கான விதி. விதியை எழுதியவர்கள் பரத்வாஜைப் பார்த்ததில்லை.

“ரெண்டு நாள் வேலை. சும்னே இழுக்க வேண்டாம்,” என்றார் அவர், சும்மாவைக் கன்னடத்தில் சொல்லி. “ம், இப்ப அவங்கவங்க சுதந்திரமா போடுங்க.”

அட்டைகள் வந்த பெட்டியில் எண் இல்லாத அட்டையும் ஒன்று இருந்தது. அதில் கேள்விக்குறி மட்டும். டிக்கெட் புரியவில்லை, கணக்குச் சொல்ல முடியாது என்பவர் அதைக் காட்டலாம். இங்கே யாரும் காட்டியதில்லை. பரத்வாஜ் அதைத் தன் காபி டம்ளருக்கு மூடியாக்கியிருந்தார். ஈ விழாமல் பார்த்துக்கொள்வதில் அதைக் குறை சொல்ல முடியாது.

போன முறை வைஷாலிக்கு வந்த டிக்கெட், ‘பழைய மாதிரியே செய்யவும்’. அதற்கும் இரண்டு நாள்தான். எந்தப் பழையது என்று கண்டுபிடிப்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. அறிக்கையில் டிக்கெட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. வைஷாலி தாமதம் என்று மட்டும் சிவப்பில் இருந்தது. இந்த மாதத்தோடு அவளுடைய பயிற்சிக்காலம் முடிகிறது. இன்னொரு தாமதம் வந்தால் வேலை நிரந்தரமாகாது என்று பரத்வாஜ் வெள்ளிக்கிழமை மிகுந்த கனிவோடு சொல்லியிருந்தார்.

அட்டைகள் திரும்பின. பரத்வாஜ், 2. கிச்சா, 2. ஹம்ஸா, வைஷாலியைப் பார்க்காமல், 2. மேஜைமேல் மூன்று 2-களும் மூன்று வாத்துகள் போல ஒரே பக்கம் பார்த்தபடி நின்றன.

“பாருங்க, எல்லாரும் ஒண்ணா யோசிக்கிறோம். டீம்னா இதான்.” பரத்வாஜுக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்திருந்தது. “வைஷாலி, நீயும் திருப்பு. உன் பேர்ல போட்டுடறேன்.”

வைஷாலி தன் கட்டை அப்படியே கவிழ்த்து வைத்தாள்.

“சார், உங்க காபிய மூடியிருக்கிற அட்டைய இப்படிக் குடுக்கறீங்களா?”